பதினோரு லாரித் தண்ணீர் எங்கிருந்து வரும்?
வாசகர் கேள்விகள் – கட்டடமும் சுற்றுவட்டாரமும்

புதுக் கட்டடங்களுக்கு வாங்கும் சுற்றுச்சூழல் அனுமதியைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன், அதற்கே இத்தனை கடிதங்கள். பாதிப் பேர் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள், பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். திட்டியவர்களில் ஒருவருக்கு மட்டும் இந்த முறை பதில் சொல்கிறேன், ஏனென்றால் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: சத்துவாச்சாரி பக்கம் ஃபிளாட் பார்க்கிறோம். ஒரு பில்டர் "எங்களுக்கு சுற்றுச்சூழல் அனுமதியே இருக்கு" என்று கோப்பைக் காட்டுகிறார். அடுத்த தெருவில் இன்னொருவர் "அதெல்லாம் எதுக்கும்மா, டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் போதும்" என்கிறார். யாரை நம்புவது? – இல்லத்தரசி, வேலூர்

இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் அம்மா. மொத்தக் கட்டுமானப் பரப்பு எவ்வளவு என்று கேளுங்கள், விஷயம் அதில்தான் இருக்கிறது. மத்திய அரசு 2006 செப்டம்பர் 14-ல் போட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் முன்னனுமதி வாங்கித்தான் ஆகவேண்டும். நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 2.15 லட்சம் சதுர அடி. 1.5 லட்சம் சதுர மீட்டரைத் தாண்டினாலோ, இடமே 50 ஹெக்டேர் (ஏறக்குறைய 123 ஏக்கர்) இருந்தாலோ அது டவுன்ஷிப் கணக்கில் போய்விடும், பரிசீலனையும் அதற்கேற்பக் கடுமையாகும். அனுமதி தருவது சென்னையில் இருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். அதற்கு முன்னால் ஒரு நிபுணர் குழு உட்கார்ந்து திட்டத்தைப் பிரித்து மேயும், மேய வேண்டும்.

பரப்பு என்றால் நீங்கள் விலை கொடுக்கும் ஃபிளாட்டின் அளவு மட்டும் இல்லை. எல்லா மாடியும், அடித்தள பார்க்கிங்கும், பம்ப் ரூம் ஜெனரேட்டர் ரூம் எல்லாமும் சேர்ந்தது. இதில்தான் கைவரிசை நடக்கும். 2.10 லட்சம் சதுர அடி என்று கணக்கு வந்து நின்றால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். "ஃபேஸ் 1, ஃபேஸ் 2" என்று ஒரே வளாகத்தை இரண்டு பெயரில் பிரித்து, நுழைவாயிலும் தண்ணீர்த் தொட்டியும் மட்டும் ஒன்றாக வைத்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

சரி, அந்தக் கோப்பில் என்ன பார்ப்பது? மற்றதை விடுங்கள், தண்ணீர்க் கணக்கு இருக்கும் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். 200 ஃபிளாட், வீட்டுக்கு 5 பேர் என்றால் 1,000 பேர். தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் திட்டமிடுகிறவர்கள் வைக்கும் அளவு. ஆக, தினம் 1,35,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அடித்தால் பதினோரு லாரிக்கும் மேலே. இது பங்குனி, சித்திரை, அக்னி நட்சத்திரம் எதையும் பார்க்காது, தினம் வேண்டும். மாநகராட்சிக் குழாயில் இவ்வளவு, போர்வெல்லில் இவ்வளவு என்று அந்தப் பக்கத்தில் பிரித்துப் போட்டிருப்பார்கள். மாநகராட்சி தருவதாக எழுதிக் கொடுத்த கடிதம் கூட இருக்கிறதா என்று பாருங்கள். பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு மேட்டூரிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் குடிக்கிற ஊர் நம்முடையது. "போர் போட்டா தண்ணி கொட்டும் சார்" என்று சொல்கிறவரிடம், எத்தனை அடியில் என்று கேளுங்கள்.

அந்த 135-ல் ஏறக்குறைய 45 லிட்டர் கழிப்பறை ஃபிளஷுக்குப் போகிறது. அதற்குக் குடிநீரை ஊற்றாமல், கழிவுநீரைச் சுத்திகரித்துத் தனிக் குழாயில் திருப்பிவிட்டால் 45,000 லிட்டர் மிச்சம், அதாவது நாலு லாரி குறைகிறது. பெரிய திட்டங்களுக்குச் சுத்திகரிப்பு நிலையம் கட்டு, இரட்டைக் குழாய் போடு என்று நிபந்தனை வைப்பது இதற்காகத்தான். கட்டிவிடுகிறார்கள், ஓட்டுவதில்தான் வில்லங்கம். ஊர் பெயர் வேண்டாம், ஒரு குடியிருப்பின் அடித்தளத்தில் அந்த நிலையத்தைப் பார்க்கப் போனேன். காற்றூதும் புளோயர் மேல் யாரோ ஈரத் துண்டு காயப்போட்டிருந்தார்கள், வடிகட்டித் தொட்டிக்கு முன்னால் இரண்டு ஸ்கூட்டர், மின்பலகையில் சிலந்தி. "கரண்ட் பில் கட்டுப்படியாகலை சார், பில்டர் சாவியைக் கொடுத்துட்டுப் போனதிலிருந்து ஆஃப்தான்" என்றார் சங்கச் செயலாளர். பிளம்பிங் செய்தவர் ஃபிளஷ் குழாயையும் நல்ல தண்ணீர்த் தொட்டியிலேயே கோத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. எனவே அம்மா, வாங்குவதற்கு முன்னால் மாதப் பராமரிப்புச் செலவில் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். அந்த வரியே பட்டியலில் இல்லை என்றால் அதை ஓட்டுகிற எண்ணம் இல்லை.

இன்னொன்று. அனுமதி வாங்கியவர் ஜூன் 1, டிசம்பர் 1 என்று வருடம் இரண்டு முறை நிபந்தனைகளை நிறைவேற்றிய அறிக்கை கொடுக்கவேண்டும், அது பொது ஆவணம். கடைசி அறிக்கையைக் கேளுங்கள். கொடுத்தால் வாங்கிப் படியுங்கள், முழித்தால் அதுவும் பதில்தான்.

கேள்வி: கழிஞ்சூர் ஏரிப் பக்கம் குடியிருக்கிறோம். பக்கத்து நிலத்தில் பெரிய கட்டடம் வருகிறதாம், ஜே.சி.பி. வந்து மண் கொட்டுகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் போகிற ஓடை அங்கேதான் இருந்தது. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, கேட்கவேண்டாமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், காட்பாடி

கேட்க மாட்டார்கள் ஐயா. இதைச் சொன்னால் பலருக்கும் ஆச்சரியம். சுரங்கம், ஆலை என்றால் கலெக்டர் தலைமையில் மைக் வைத்துக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். கட்டடத் திட்டங்களுக்கு அந்த அறிவிக்கையிலேயே பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் முதலில் தண்ணீர் ஏறும், அவரிடம்தான் கேட்பது இல்லை. எனக்கு இதில் ரொம்ப நாள் கோபம் உண்டு.

கூப்பிடவில்லை என்றால் நாமே போய்ப் பார்க்கவேண்டியதுதான். முதல் வேலை, அந்த இடத்தின் சர்வே எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். அதை வைத்து அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் புல வரைபடமும் 'அ' பதிவேடும் எடுக்கலாம், கம்ப்யூட்டர் வராது என்றால் இ-சேவை மையத்தில் எடுத்துத் தருவார்கள். வரைபடத்தில் வாய்க்கால், ஓடை என்று கோடு ஓடுகிறதா, பதிவேட்டில் புறம்போக்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஓடை புறம்போக்கு என்று எழுதியிருந்தால் அதன் மேல் ஒரு கூடை மண் போடவும் யாருக்கும் உரிமை இல்லை, மனுவில் தயக்கமில்லாமல் அதையே முதல் வரியாக எழுதலாம். பட்டா நிலத்துக்குள் ஓடுகிற வழி என்றால் சண்டை நீளும். அப்போது கேட்கவேண்டியது, நீர்வளத் துறை இந்த இடத்தைப் பார்த்து வெள்ளம் தேங்காது என்று தடையின்மைச் சான்று கொடுத்திருக்கிறதா, கொடுத்திருந்தால் எத்தனை அடி உயர்த்தச் சொல்லி, எந்த வழியாகத் தண்ணீரைத் திருப்பச் சொல்லி என்று. தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி வரைபடத்தோடு கேளுங்கள். வரைபடம் இல்லாமல் வாங்கிய பதில் கறிவேப்பிலை மாதிரி, எடுத்து ஓரமாகத்தான் வைக்கமுடியும்.

"ஏரியில் தண்ணியே இல்லை, ஓடையில் எங்கே வரப்போகுது" என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். நம்ம ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டே, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே வந்துவிட்டார். ஆறு 2021 நவம்பரில் கரை புரண்டு வந்து காட்டியது. அப்போது தண்ணீர் எந்தத் தெருவில், எந்த வீட்டுப் படி வரை நின்றது என்று உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், கைப்பேசியில் படம் இருக்கும். தேதியோடு இருக்கிற அந்தப் படங்களை எடுத்துச் சேருங்கள். ஆலோசனை நிறுவனம் கொடுக்கும் எந்த வெள்ள வரைபடத்தையும்விட அதற்கு மதிப்பு அதிகம்.

கட்டடம் 20,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் உங்களுக்கு இன்னும் இரண்டு பிடி இருக்கிறது. அனுமதி கைக்கு வரும்வரை வேலி போட்டு இடத்தைக் காப்பது தவிர எந்த வேலையும் தொடங்கக்கூடாது. மண் கொட்டிச் சமன் செய்வதும் வேலைதான். மத்திய அரசு இந்த அனுமதிகளுக்காக நடத்தும் பரிவேஷ் இணையதளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். அப்புறம், அனுமதி கிடைத்த ஏழு நாளுக்குள் இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில், அதில் ஒன்றாவது தமிழில், விளம்பரம் கொடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. சின்ன எழுத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும், தேடுங்கள். அனுமதியை எதிர்த்துச் சென்னையில் இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள்தான், தக்க காரணம் சொன்னால் மேலும் 60 நாள். அதற்கு மேல் போனால் கதவு மூடிவிடும். ஆசிரியராக இருந்தவர், நாள் தவறாமல் டைரி எழுதுகிறவராக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: சிவில் முடித்து ஒரு ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. பழைய அறிக்கையைக் கொடுத்து ஊர் பெயரை மாத்திக் கொண்டுவா என்கிறார்கள். இது தப்பா, இல்லை எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களா? – இளம் பொறியாளர், ராணிப்பேட்டை

இரண்டும்தான் தம்பி. மலை அடிவாரத்தில் ஒரு மனைக்கான அறிக்கையை ஒரு தடவை படித்தேன். பதினெட்டாம் பக்கத்தில் "கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் பின்பற்றப்படும்" என்று இருந்தது. கடல் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலே. மரங்களின் பட்டியலில் தென்னை நாற்பது, ஆனால் இடத்தில் நின்றதோ வேலிக்காத்தானும் இரண்டு புங்கையும் மட்டுமே. யாரோ உன்னை மாதிரி ஒரு பையன் இரவு பதினோரு மணிக்கு ஊர் பெயரை மட்டும் தேடித் தேடி மாற்றியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன், சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஆனால் உண்மையை மறைத்தாலோ, தெரிந்தே தவறான தகவல் கொடுத்தாலோ விண்ணப்பத்தைத் தள்ளலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது. மாட்டினால் உன் முதலாளி உன் பெயரைத்தான் காட்டுவார். வேலையை விடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, வீட்டில் என்ன நிலைமையோ. ஒன்று செய். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அந்த இடத்துக்குப் போய், டீக்கடையில் உட்கார்ந்து, கிணறு எத்தனை, தண்ணீர் எத்தனை அடியில், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று நாலு பேரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வா. அந்த ஒரு பக்கத்தை அறிக்கையில் சேர். மீதியை மெல்ல மெல்லத் திருத்தலாம். நிபுணர் குழுவில் நல்ல ஆள் இருந்தால் அந்த ஒரு பக்கத்தைத்தான் படிப்பார்.

கேள்வி: எங்கள் தெரு முனையில் ஒரு கல்லூரி பிரம்மாண்டமாக விடுதி கட்டுகிறது. கல்விக் கட்டடத்துக்கு விலக்கு உண்டாமே? – பெயர் வேண்டாம், வேலூர்

இருந்தது. 2014-லிருந்து பள்ளி, கல்லூரி, விடுதி, தொழிற்கூடங்களுக்கு என்று விலக்கு ஒன்று போய்வந்து கொண்டிருந்தது, 2025 ஜனவரி 29 அறிவிக்கையிலும் அதைச் சேர்த்தார்கள். 2025 ஆகஸ்ட் 5-ல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்துவிட்டது. பிள்ளைகள் படிக்கும் கட்டடம் என்பதற்காக அங்கே குளிக்காமலா இருக்கப் போகிறார்கள்? 20,000 சதுர மீட்டர் என்ற அளவுகோல் அவர்களுக்கும் உண்டு. நம்ம ஊரில் தெருவுக்கு ஒரு கல்லூரி, இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: நான் பழைய வட ஆற்காட்டுக்காரன், வயசு எழுபத்திரண்டு. தோல் கழிவு பாலாற்றை நாசம் பண்ணினப்போ எங்கே போனீர்கள் எல்லோரும்? இப்போது நாலு பேர் வீடு கட்டினால் மட்டும் சுற்றுச்சூழல் என்று வருகிறீர்கள். – ஆம்பூர்

நான் சொன்ன நியாயமான திட்டு இதுதான். அப்போது எங்கே போனோம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை ஐயா. ஆனால் உங்கள் ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழாகிவிட்டது என்று தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் சொன்னது அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் டெல்லியிலும் கொச்சியிலும் இன்றைக்கும் "வேலூர் வழக்கு" என்றுதான் மனப்பாடம் செய்கிறார்கள். கெடுத்தவனே செலவை ஏற்கவேண்டும், கெடுதல் வருவதற்கு முன்பே தடுக்கவேண்டும் என்ற இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் சொன்னது. 2025 ஜனவரி 30-ல் பாலாற்றைப் பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது என்றால் முதல் தீர்ப்பு எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வழக்கில் இன்னொன்றும் சொன்னார்கள். கெடுதல் வராது என்று நிரூபிக்கவேண்டிய பொறுப்பு திட்டம் கொண்டுவருகிறவர் மேல்தான், பாதிக்கப்படுகிறவர் மேல் இல்லை என்று. மேலே அந்த ஆசிரியர் கேட்டாரே, அவர் ஓடை இருந்தது என்று ஆதாரம் தேடி அலைகிறார். உங்கள் வழக்கின்படி பார்த்தால் ஓடைக்குப் பாதிப்பு வராது என்று கட்டுகிறவர்தான் காகிதத்தோடு வரவேண்டும். இதை நாங்கள் எழுதுவது அதனால்தான், நாலு பேர் வீட்டைத் தடுக்க இல்லை. நீங்கள் எழுதியதில் ஒரு வரி மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை: "தோல் போச்சு, இனி எது வந்தால் என்ன". தோல் ஆலைக் கழிவின் குரோமியம் கலந்த கிணறு பாழ்தான். அதற்குப் பக்கத்தில் இன்னும் நல்ல தண்ணீர் ஊறுகிற கிணறுகள் இருக்கின்றன, அவற்றின் தலைமேல் கக்கூஸ் தண்ணீரை விடவேண்டுமா என்பதுதான் பேச்சு.

கேள்வி: "பசுமைக் கட்டடம், பிளாட்டினம் சான்று" என்று பேனர் வைத்திருக்கிறார்கள். அதுவும் அனுமதியும் ஒன்றா? – குடியாத்தம்

இல்லை. ஐ.ஜி.பி.சி., கிரிஹா போன்றவை மதிப்பெண் போட்டுத் தரும் சான்றுகள், பெரும்பாலும் விருப்பப்பட்டு வாங்குவது. அனுமதி சட்டப்படி கட்டாயம். சான்று நல்ல விஷயம்தான், ஆனால் பேனரில் இருப்பது வரைபடத்தைப் பார்த்துக் கொடுத்த முன்சான்றா, கட்டி முடித்த பிறகு கொடுத்ததா என்று கேளுங்கள்.

கேள்வி: தொரப்பாடியில் 1,200 சதுர அடி மனையில் சின்னதாக வீடு கட்டப்போகிறேன். எனக்கும் இந்த வம்பெல்லாம் உண்டா? – ஆட்டோ ஓட்டுநர்

கிடையாது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையிலேயே ஆன்லைனில் அனுமதி வாங்கலாம், அதிகாரி நேரில் வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீர் விஷயத்தில் உங்களுக்கு இருக்கும் கட்டாயம், 2003-லிருந்து எல்லோருக்கும் இருக்கிற மழைநீர் சேகரிப்பு.

அதைக் கொத்தனார் கையில் மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் நான் விட்டேன். மொட்டை மாடியிலிருந்து குழாய் அழகாக இறங்கி மண்ணுக்குள் போனது, போட்டோ எடுத்துக் கொடுத்தேன், வேலை முடிந்தது. மூன்று வருடம் கழித்து வாசலில் தண்ணீர் நிற்கிறதே என்று தோண்டினால் குழி முழுக்க பூச்சு வேலையில் மிஞ்சிய சிமெண்டுக் கட்டியும் உடைந்த டைல்ஸும். ஜல்லி, மணல் எதுவும் கிடையாது. குப்பையை வண்டியில் ஏற்றச் செலவாகும் என்று அங்கேயே தள்ளி மூடியிருக்கிறார்கள்.

உங்கள் மாடி ஆயிரம் சதுர அடி இருந்தாலும் 93 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஐப்பசியில் ஒரு இரவு 100 மில்லிமீட்டர் கொட்டினால் 9,300 லிட்டர், முக்கால் லாரிக்கு மேல், ஓசியில். குழிக்கு அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, அதற்கும் மேலே மணல் போடச் சொல்லுங்கள், போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். பூச்சு வேலை முடியும்வரை குழியின் வாயைச் சாக்கால் கட்டி வையுங்கள். மாடியில் வெள்ளை டைல்ஸோ, முடியாவிட்டால் வருடம் ஒரு முறை சுண்ணாம்போ அடித்துவிடுங்கள். வெயிலூரில் மே மாதம் நீங்கள் ஆட்டோவை நிறுத்திவிட்டு மதியம் வீட்டில் படுக்கும்போது வித்தியாசம் தெரியும். மழைக்கு முன்னால் மாடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், குழியில் சத்தம் கேட்கவேண்டும்.